தட்டை டாப்பெட்டா, உருளை டாப்பெட்டா?

மோட்டார் எஞ்சினுக்குள் எரிபொருள் கலவை வரவும், எரிந்த புகை வெளியேறவும் வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடவேண்டும். இவ்வேலையை நடத்துவது காம் தண்டு. இத்தண்டின்மேல் முட்டை வடிவான மேடுகள் வரிசையாக அமைந்துள்ளன, இவையே காம்கள். தண்டு சுழலும்போது காமின் மூக்கு, டாப்பெட் எனப்படும் உலோகத் துண்டை உயர்த்துகிறது. டாப்பெட் ஒரு தள்ளு தண்டையும், அது ராக்கரையும் அசைக்க, வால்வு திறக்கிறது. மூக்கு கடந்து சென்றதும் சுருள்வில் வால்வை மூடிவிடுகிறது.

அமெரிக்காவில் 1955-இல் வெளிவந்த செவர்லே வி-8 எஞ்சின் இவ்வமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. இத்தகைய பழைய எஞ்சின்களைப் புதுப்பித்துச் சாலையில் ஓட்டுவோர் அந்நாட்டில் பலர். புதிய காம் தண்டு வாங்கும்போது அவர்கள் முன் ஒரு கேள்வி எழுகிறது. டாப்பெட்டின் அடிப்புறம் தட்டையாக இருக்கட்டுமா, அல்லது உருளை பொருத்தியதாக இருக்கட்டுமா? இதில் தவறினால் பாடுபட்டுக் கட்டிய எஞ்சின் முதல் அரைமணி நேரத்திலேயே பாழாகலாம்.

தட்டையின் இரகசியம்

தட்டை டாப்பெட் உண்மையில் முழுத் தட்டை அன்று. அதன் அடிப்புறம் கண்ணுக்குத் தெரியாத அளவில் குவிந்திருக்கும். காமின் மேற்பரப்பும் ஒரு பக்கமாகச் சற்றே சரிந்திருக்கும். ஆகவே காம் டாப்பெட்டின் நடுவில் படாமல் சிறிது விலகிப் படுகிறது. டாப்பெட்டும் ஒவ்வோர் உந்தலிலும் தன்னைத்தானே கொஞ்சம் சுற்றிக்கொள்கிறது. ஒரே இடம் தேயாமல் காப்பது இந்தச் சுழற்சிதான்.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும்போது காம் தண்டு அதில் பாதி, அதாவது 1,500 சுற்றுச் சுழலும். அப்படியானால் ஒவ்வொரு காமும் நொடிக்கு 25 முறை தன் டாப்பெட்டின் மேல் வழுக்கிச் செல்கிறது. சுருள்வில்லின் அழுத்தம் முழுவதும் ஒரு மெல்லிய கோடு போன்ற இடத்தில் விழுகிறது. டாப்பெட் சுழலாமல் நின்றுவிட்டால் காமின் மூக்கு மழுங்கிவிடும். தேய்ந்த இரும்புத் துகள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளையும் அரித்துவிடும்.

இதனால்தான் புதிய தட்டைக் காமைப் பழக்கும் முறை முக்கியமானது. காம்களின் மேல் தனி மசகுக் களிம்பைப் பூசவேண்டும். எஞ்சின் கிளம்பியவுடன் அதை மெதுவாக ஓடவிடாமல், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல், வேகத்தைச் சற்று மாற்றி மாற்றி, 20 முதல் 30 நிமிடம் ஓட்டவேண்டும். காம்களின் மேல் எண்ணெயைத் தெறிக்கச் செய்வது கிராங்க் தண்டு. அது மெதுவாகச் சுழன்றால் போதிய எண்ணெய் தெறிக்காது. புதிய காமுக்குப் புதிய டாப்பெட்டுகளே பொருத்தவேண்டும்.

எண்ணெய் மாறிய கதை

முற்காலத்தில் இவ்வளவு அச்சம் இருந்ததில்லை. மசகெண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய ஒரு கூட்டுப்பொருள் கலந்திருந்தது. அழுத்தமும் வெப்பமும் மிகும் இடத்தில் அது உலோகத்தின்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். ஆனால் பாஸ்பரஸ், புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக் கருவியின் ஆற்றலைக் கெடுக்கிறது. எனவே 2004-இல் வந்த அமெரிக்கத் தரவிதி, பரவலாகப் பயன்படும் மெல்லிய ரக எண்ணெய்களில் பாஸ்பரசின் உச்ச அளவை 0.10 சதவீதத்திலிருந்து 0.08 சதவீதமாகக் குறைத்தது. உருளை டாப்பெட் உள்ள எஞ்சின்களை இது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. பழைய தட்டை டாப்பெட்டுகளுக்கோ பாதுகாப்புக் குறைந்தது.

உருளையின் வலிமை

கனமான பெட்டியைத் தரையில் இழுப்பதற்கும், சக்கரம் வைத்து உருட்டுவதற்கும் உள்ள வேறுபாடே இங்கும். உருளை டாப்பெட்டின் அடியில் ஒரு சிறு சக்கரம், ஊசி பேரிங்கின்மேல் சுழல்கிறது. உராய்வு குறைகிறது, பழக்கும் சடங்கும் தேவையில்லை.

மற்றொரு நன்மையும் உண்டு. தட்டை டாப்பெட்டை வேகமாக உயர்த்த உயர்த்த, காம் தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்கிறது. எல்லை கடந்தால் டாப்பெட்டின் விளிம்பே காமைச் சுரண்டும். செவர்லே டாப்பெட்டின் விட்டம் 0.842 அங்குலம், அதாவது சுமார் 21.4 மில்லிமீட்டர். கணக்கிட்டால், காம் ஒரு பாகை திரும்பும்போது இந்த டாப்பெட் ஏறத்தாழ 0.187 மில்லிமீட்டருக்கு மேல் உயர முடியாது. உருளைக்கு இத்தடை இல்லை. ஆகவே வால்வு திறந்திருக்கும் காலத்தை நீட்டாமலே அதை விரைவாகவும் அகலமாகவும் திறக்கலாம். ஆற்றல் கூடும், நின்றபடி ஓடும்போது எஞ்சின் குலுங்காது.

குறைகளும் இல்லாமல் இல்லை. உருளை டாப்பெட் கனமானது. அதைக் காமோடு ஒட்டி வைக்க வலுவான சுருள்வில் வேண்டும். சக்கரம் திசை மாறாதிருக்க டாப்பெட்டுகளைப் பிணைக்கவேண்டும். உருளைக் காமில் சரிவு இல்லாததால் தண்டு முன்னும் பின்னும் நகரும். அதைத் தடுக்க ஒரு தாங்கல் வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து செலவை உயர்த்துகின்றன. ஊசி பேரிங் உடைந்தால் அதன் துண்டுகள் எஞ்சினுக்குள் விழும் என்பதையும் மறக்கலாகாது.

எதைத் தேர்வது?

போர்டு மஸ்டாங்கின் 5 லிட்டர் எஞ்சினில் 1985-இலும், செவர்லே வி-8 எஞ்சினில் 1987-இலும் தொழிற்சாலையிலேயே உருளை டாப்பெட் வரத் தொடங்கியது. அத்தகைய எஞ்சின் கைவசம் இருந்தால் உருளையை விட்டு விலகக் காரணமே இல்லை. பழைய எஞ்சினில், மிதமான காமும் அளவான சுருள்வில்லும் போதுமென்போருக்குத் தட்டை டாப்பெட் இன்றும் ஏற்றதே. பழக்கும் முறையிலும், துத்தநாகக் கூட்டுப்பொருள் போதிய அளவுள்ள எண்ணெயிலும் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. வால்வு அதிகம் உயரவேண்டும், எஞ்சினும் அமைதியாக ஓடவேண்டும் என்போர் உருளைக்குச் செலவிடும் பணம் வீணாகாது.