எங்கள் கல்லா, உங்கள் கல்லா?

திருத்தணிக் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். 1953 முதல் ஆந்திரத்தில் இருந்த இவ்வூர், 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துக்கு வந்தது. "எங்கள் மண்தான் மிகப் பழையது" என்று இருபுறத்து நண்பர்களும் வாதிட்டால், 1959இல் இங்கே ஒரு கல் கிடைத்திருந்தால் அது யாருக்குச் சொந்தம் என்று கேட்டுப் பாருங்கள்!

தமிழ்நாட்டு நண்பரின் துருப்புச்சீட்டு, இதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்ட இடம் அது. அங்கே சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த, பிடியில்லாத கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழையவை என்று 2011இல் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது? வெட்டவெளியில் கிடக்கும் கல்லைக் காஸ்மிக் கதிர்கள் தாக்கி, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்தால் வரவு நின்றுவிடும். பிறகு செலவு மட்டுமே! அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும்; பெரிலியத்துக்கு ஏறக்குறைய இருமடங்கு காலம் வேண்டும். எஞ்சியவற்றின் விகிதத்தை அளந்தால், புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது கிடைக்கும். பாறையின் வயது இதுவன்று. அது இன்னும் பழையது.

ஆந்திர நண்பர் விடுவாரா? "அங்குள்ள கொசத்தலையாற்றில் கலக்கும் நகரியாறு எங்கள் பக்கத்திலிருந்துதானே வருகிறது?" என்பார். இருவரும் மோதிக்கொண்டிருக்கட்டும். கென்யாவில் இதே வகைக் கைக்கோடரிகளுக்கு வயது 17 லட்சம் ஆண்டுக்கும் மேல்!