டாக்டருக்கு வேண்டியது என்ன?

"டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரையே பார்க்கிறார்" என்று சலித்துக்கொள்ளாதவர் நம்மில் உண்டா? அந்தத் திரைக்குப் பின்னால் பல இடங்களில் ஒரு துணைவன் இருக்கிறான். நோயின் விவரத்தைக் கொடுத்தால் என்ன மருந்து, எவ்வளவு என்று யோசனை சொல்வான். முடிவு மட்டும் டாக்டருடையது.

இந்த வகையில் முன்னோடி, 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய 'மைசின்'. கிருமித் தொற்றுக்கு ஏற்ற மருந்தைச் சொல்லும். 1979இல் வெளியான ஒரு சோதனையில், யார் எழுதிய சிகிச்சை என்று தெரியாமலே எட்டு நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். மைசினுக்குக் கிடைத்தது 65 விழுக்காடு. அதே பல்கலைக்கழகத்தின் ஐந்து பேராசிரியர்களில் எவரும் 62.5ஐத் தாண்டவில்லை!

ஆனாலும் அது அன்றாடச் சிகிச்சைக்கு வரவே இல்லை. கேள்விமேல் கேள்வி கேட்கும். டாக்டர் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தட்டச்சு செய்ய வேண்டும். அரை மணி நேரம்கூட ஆகிவிடும். வார்டில் யாருக்கு அவ்வளவு நேரம்?

அடுத்து அதே குழு புற்றுநோய் மருத்துவர்களுக்காக 'ஆன்கோசின்' செய்தது. இம்முறை முதலில் டாக்டர்களின் மேசையைப் பார்த்தார்கள். அவர்கள் ஏற்கெனவே நிரப்பிவந்த காகிதப் படிவத்தையே திரையில் வரைந்தார்கள். இரத்தப் பரிசோதனை எண்களை எழுத எழுத, மருந்தின் அளவைக் கணினி கணக்கிட்டுவிடும். 1981இல் அது கிளினிக்குக்கு வந்தது.

கதை அங்கே முடியவில்லை. பழகிய பிறகு டாக்டர்களுக்கு வேறொரு எரிச்சல். அளவில் சிறு வித்தியாசம் இருந்தாலும் கணினியின் யோசனையைத் தள்ளிவிட்டுத் தம்முடையதை எழுத வேண்டியிருந்தது. குழுவினர் வரிசையையே திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். முதலில் டாக்டர் தம் திட்டத்தை எழுதட்டும். பெரிய முரண்பாடு இருந்தால் மட்டும் கணினி வாய் திறக்கட்டும். 1983இல் இதைப் பற்றி எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அறிவு அதேதான், பேசும் நேரம்தான் மாறியது.

இந்தப் பாடம் எளிதில் மறந்துபோகிறது. மருந்து எழுதும்போது திரையில் குதிக்கும் எச்சரிக்கைகளைப் பற்றி 2006இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஆய்வுக்கு ஆய்வு 49 முதல் 96 விழுக்காடு வரை டாக்டர்கள் அவற்றை ஒதுக்கித் தள்ளியிருந்தார்கள். பல எச்சரிக்கைகள் தேவையற்றவைதாம். ஆனால் தள்ளப்பட்டதில் ஒன்று உங்கள் அம்மாவின் பெனிசிலின் ஒவ்வாமையைப் பற்றியதாக இருந்தால்? அதனால்தான் விவரமுள்ள மருத்துவமனைகள் எந்த எச்சரிக்கை தொடர்ந்து தள்ளப்படுகிறது என்று கணக்கெடுத்து, டாக்டர்களையும் மருந்தாளர்களையும் கேட்டு, வீணானவற்றை நிறுத்திவிடுகின்றன.