கடைச் சாவி நம்மிடம், கம்ப்யூட்டர் சாவி யாரிடம்?

இரவு கடை அடைத்ததும் பூட்டுச் சாவி யார் வீட்டுக்குப் போகிறது என்று எந்த வியாபாரியிடம் கேட்டாலும் உடனே பதில் வரும். இரும்புப் பெட்டிச் சாவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதை இடுப்பை விட்டு எடுக்காத முதலாளிகள் இன்றும் உண்டு. ஆனால் ஜி.எஸ்.டி. தளத்தின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "கணக்கு எழுதுகிற தம்பிக்குத்தான் தெரியும்" என்பார்கள். இல்லையென்றால் "ஆடிட்டர் ஆபீசில் கேட்க வேண்டும்" என்பார்கள். நமது உறுப்பினர்களில் பலரின் நிலைமை இதுதான்.

விற்பனை வரி காலத்தில் பேரேடு, பில் புக், சி பாரம் எல்லாமே காகிதம். பீரோவைப் பூட்டினால் வேலை முடிந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் இ-வே பில் வந்தது. இவற்றோடு நெட் பேங்கிங், வருமான வரி, உணவுப் பாதுகாப்பு உரிமம், கம்பெனிக்காரர்களின் ஆர்டர் ஆப், மின் கட்டணம், இ-மெயில், கணக்கு சாப்ட்வேர் என்று எண்ணினால் ஒரு நடுத்தர மளிகை மொத்தக் கடைக்கே பத்துப் பன்னிரண்டு பூட்டுகள் ஆகிவிடும். இத்தனைக்கும் நம்மவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரே சாவி: கடைப் பெயர், அதன் பின்னால் 123. அதையும் தினசரிக் காலண்டரின் அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். சரக்கு இறக்க வருகிற லாரி டிரைவர்கூட நின்று படிக்கலாம்.

ஒரே பாஸ்வேர்டு எல்லா இடத்திலும் இருப்பதில் உள்ள ஆபத்தை நாம் சரியாக உணரவில்லை. ஏதோ ஒரு சாதாரண ஆப்பிலிருந்து அது வெளியே கசிந்தால், திருடர்கள் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் இ-மெயிலிலும் வங்கியிலும் போட்டுப் பார்ப்பார்கள். இதற்கென்றே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் போன பிறகு வங்கியில் நின்று வாதாடலாம் என்றால், 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கையை நினைவில் வைக்க வேண்டும். ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே பிறருக்குக் கொடுத்து நஷ்டம் வந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஆன நஷ்டம் அவருடையதே என்று அது கூறியது.

திருடன் வந்தால்தான் தொல்லை என்பதில்லை. நமது பஜாரில் மல்லி, வற்றல் வியாபாரம் செய்யும் ஒருவர், பகுதி நேரமாக வந்த கணக்கரை நம்பியிருந்தார். பதிவு செய்தபோது கொடுத்த செல்போன் எண்ணும் இ-மெயிலும் அந்தக் கணக்கருடையவை. அவர் வெளியூர் போய்விட்டார், எண்ணும் மாறிவிட்டது. இரண்டு மாதம் ரிட்டர்ன் போகவில்லை. விதிப்படி இ-வே பில் எடுக்க முடியாமல் தடை விழுந்தது. கேரளாவுக்குப் போக வேண்டிய மூட்டைகள் குடோனிலேயே கிடந்தன. கையில் பணம் இருக்கிறது, வரி கட்டத் தயார், ஆனால் உள்ளே நுழைய வழியில்லை. வரி அலுவலகத்திற்கு ஆதாரங்களோடு மனுக் கொடுத்து, எண்ணையும் இ-மெயிலையும் மாற்றி வாங்கிய பிறகுதான் லாரி கிளம்பியது. கணக்கர் நல்லவர்தான். ஏற்பாடுதான் கெட்டது.

இதற்கென்று பாஸ்வேர்டு மேனேஜர் என்ற சாப்ட்வேர் இருக்கிறது. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கம்ப்யூட்டருக்குள் ஓர் இரும்புப் பெட்டி. எல்லாப் பாஸ்வேர்டுகளும் அதற்குள் பூட்டிக் கிடக்கும். பெட்டியைத் திறக்கும் ஒரே ஒரு முதன்மைப் பாஸ்வேர்டை மட்டும் மனதில் வைத்தால் போதும். ஒவ்வொரு தளத்திற்கும் வாயில் நுழையாத நீளமான பாஸ்வேர்டை அதுவே உண்டாக்கிக் கொடுக்கும். இன்னொரு லாபமும் உண்டு. தானாக நிரப்பும் வசதியை வைத்துக்கொண்டால், தளத்தின் முகவரி சரியாக இருந்தால்தான் அது நிரப்பும். வங்கி போலவே வேஷம் போட்ட போலித் தளத்தில் நம் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. கீபாஸ் என்பது இலவசம். நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு பைலாக இருக்கும். அதற்கு ஒரு பிரதி பென் டிரைவில் எடுத்து வைப்பது அவசியம். பிட்வார்டன் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் சேர்ந்தே வேலை செய்யும், அதிலும் இலவசத் திட்டம் உண்டு.

"எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்தால் பெட்டியோடு போய்விடாதா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டிகளையே பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டிக்குள் இருந்த பாஸ்வேர்டுகள் பூட்டியபடியே இருந்தன. முதன்மைப் பாஸ்வேர்டு பலவீனமாக வைத்திருந்தவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. ஆகவே அது நீளமாக இருக்கட்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களைச் சேர்த்து வைத்தால் நினைவிலும் நிற்கும், பிறரால் ஊகிக்கவும் முடியாது. பெண் பெயர், பிள்ளை பெயர், குலதெய்வம் பெயர் வேண்டாம். அவை ஊருக்கே தெரியும். ஆனால் மறந்துவிட்டால் பொதுவாகக் கம்பெனிக்காரனாலும் திறந்து தர முடியாது. ஆதலால் அதைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, இரும்புப் பெட்டியிலோ வங்கி லாக்கரிலோ வைத்து, வீட்டில் மனைவிக்கோ மகனுக்கோ இடத்தைச் சொல்லி வைக்க வேண்டும். முதலாளி திடீரென்று படுத்துவிட்டால் கடை நிற்கக் கூடாதல்லவா?

ஊழியர்களுக்கு முதலாளியின் பாஸ்வேர்டையே கொடுக்கும் வழக்கத்தை விட வேண்டும். இ-வே பில் தளத்தில் துணைப் பயனர் என்று தனித்தனியாக உண்டாக்கும் வசதி இருக்கிறது. பில் போடுகிற பையனுக்கு அது போதும். அந்தத் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் அனைவருக்கும் ஓ.டி.பி. கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், எந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் வேலையை விட்டு நின்றால், கணக்குத் தீர்க்கும் அன்றே அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுவது அவருக்கும் நல்லது; பின்னால் எது நடந்தாலும் அவர் மீது சந்தேகம் விழாது. யு.பி.ஐ. ரகசிய எண்ணை மட்டும் ஊழியர்கள் பார்க்கும் எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தால் வியாபாரம் கெடும். முதலில் இ-மெயில், ஏனெனில் மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றும் கடிதம் அங்கேதான் வருகிறது. அடுத்து வங்கி, பிறகு ஜி.எஸ்.டி. மற்றவற்றை வாரத்துக்கு இரண்டாக, மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். இதற்குள் பணம் ஏதும் போய்விட்டது என்று தெரிந்தால், வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே போன் செய்யுங்கள்.