ஐந்தாம் கூறு: ஆய்வக நுட்பநரும் தொடர் பயிற்சியும்

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. அவர் காலத்தில் நோயை நாடி அறியும் பணியும் மருத்துவரிடமே இருந்தது. இன்றோ அப்பணியின் பெரும்பகுதி, மருத்துவரின் அறைக்கு அப்பால் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் சென்று சேர்ந்துள்ளது. அவரே ஆய்வக நுட்பநர். அவரை மருத்துவத்தின் ஐந்தாம் கூறு எனல் தகும். காசநோய்க்குரிய சளிப் பரிசோதனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவர் பெறும் பயிற்சியையும், பணியேற்ற பின்னும் அது தொடரவேண்டியதன் இன்றியமையாமையையும் இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணுக்கு ஒரு கல்வி

காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தார். அக்கிருமிக்கு ஓர் இயல்பு உண்டு. ஒருமுறை ஏற்ற சாயத்தை, அமிலத்தால் கழுவினாலும் அது விடுவதில்லை. இவ்வியல்பே ஸீல்-நீல்சன் முறைக்கு அடிப்படையாகும். ஸ்லைடு எனப்படும் கண்ணாடித் தகட்டில் சளியை மெல்லிதாகப் பூசி உலர்த்துவர். கார்பால் பியூக்சின் என்னும் சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடேற்றுவர். அமிலத்தால் கழுவி, மெத்திலின் நீலம் இடுவர். பிற அனைத்தும் நீலமாக, காசக் கிருமிகள் மட்டும் சிவந்த சிறு கோல்களாகத் தோன்றும்.

சொல்வதற்கு எளிய இம்முறையில் பிழைக்கு இடம் மிகுதி. பூச்சு தடித்துவிட்டால் கிருமி மறையும். அமிலக் கழுவல் குறைந்தால் பிறவும் சிவந்தே நின்று, இல்லாத நோயை உண்டெனக் காட்டும். 1000 மடங்கு பெரிதாக்கப்பட்ட நிலையில் 100 பார்வைப் புலங்களை நோக்கி, ஒரு கிருமியேனும் இல்லாதபோதுதான் ‘இல்லை’ என எழுதலாம். 100 புலங்களில் 1 முதல் 9 வரை இருப்பின் அவ்வெண்ணையே குறிக்கவேண்டும். 10 முதல் 99 வரை எனில் 1+ ஆகும். புலம் ஒன்றுக்கு 1 முதல் 10 வரை எனில் 2+. அதற்கும் மேற்பட்டால் 3+. பத்துப் புலங்களோடு சலித்து எழுந்துவிடும் கண், நோயை நழுவவிடும்.

அந்நழுவலின் விலை சிறிதன்று. சளியில் கிருமியுடைய ஒருவர் சிகிச்சையின்றி இருந்தால், ஆண்டொன்றுக்கு 10 முதல் 15 பேர் வரை அக்கிருமி தொற்றக்கூடும். மாறாக, இல்லாத நோய் உண்டெனக் குறிக்கப்பட்டால், ஒரு குடும்பம் ஆறு மாத மருந்தையும் ஊராரின் பார்வையையும் வீணே சுமக்கும்.

சொல்லும் ஒரு கருவியே

ஆய்வின் தொடக்கம் நுண்ணோக்கி அன்று. நோயாளியிடம் பேசும் பேச்சே. ‘இதில் துப்புங்கள்’ என்று மட்டும் கூறினால் வருவது எச்சில். வேண்டுவதோ நெஞ்சின் ஆழத்திலிருந்து வரும் கோழை. திறந்த வெளியில் நிற்கச் செய்து, மூச்சை ஆழ இழுத்து, சற்றே அடக்கி, பின் இருமிக் கொணருமாறு அவர் அறிந்த சொல்லால் விளக்கவேண்டும். எச்சிலுக்கும் கோழைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக உரைக்கத் தெரிதலும் இப்பயிற்சியின் ஒரு பாடமே. தமிழ் பயில்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

சான்றிதழுக்குப் பின்

மேல்நிலைக் கல்வியில் அறிவியல் பயின்றோர் ஈராண்டுப் பட்டயப் படிப்பால் ஆய்வக நுட்பநராகின்றனர். காசநோய்த் திட்டத்தில் சேர்வோர்க்குத் தனிப்பயிற்சியும் உண்டு. 1997இல் தொடங்கிய திருத்தியமைக்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம், ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு நுண்ணோக்கி மையம் என அமைத்தது. 2020இல் அது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் எனப் பெயர் மாறியது.

இத்திட்டத்தின் சிறப்பு, சான்றிதழோடு நிறைவுறாமையே. மூன்று வழிகளில் நுட்பநரின் திறன் தொடர்ந்து சோதிக்கப்படுகிறது. முதலாவது, மேற்பார்வையாளர் மையத்திற்கே வந்து பணியைக் காண்பது. இரண்டாவது, விடை அறிந்த ஸ்லைடுகளைக் கொடுத்துப் படிக்கச் செய்வது. மூன்றாவது, முன்னரே படித்த ஸ்லைடுகளுள் சிலவற்றைத் தற்போக்காக எடுத்து, முதல் முடிவை அறியாத மற்றொருவர் மீண்டும் படிப்பது. இரு முடிவுகளும் மாறுபட்டால் மூன்றாமவர் நடுவராக நிற்பார்.

இங்கு ஒன்றை வலியுறுத்தல் வேண்டும். பிழை கண்டவிடத்து முதலில் எழவேண்டிய வினா, ‘யார் குற்றவாளி?’ என்பதன்று, சாயம் பழையதா, நுண்ணோக்கியின் ஆடி மங்கியதா, ஒரே நாளில் ஸ்லைடுகள் அளவுக்கு மீறிக் குவிந்தனவா என்பதே. தண்டனைக்கு அஞ்சும் நுட்பநர் ஐயத்திற்குரிய ஸ்லைடை மறைப்பார்; கற்பிக்கப்படும் நுட்பநர் அதனையே எடுத்துவந்து காட்டுவார். பயிற்சி வெல்வதும் தோற்பதும் இவ்விடத்தேதான்.

இயந்திரம் வந்தபின்

ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகள் இருந்தால்தான் நுண்ணோக்கி காட்டும். சிபிநாட், நம் நாட்டில் உருவான ட்ரூநாட் ஆகிய மூலக்கூற்றுக் கருவிகள் அதனினும் குறைந்த அளவையும், ரிஃபாம்பிசின் மருந்தை எதிர்க்கும் தன்மையையும் ஓரிரு மணி நேரத்தில் அறிவிக்கின்றன. எனின், எச்சிலைச் சளியாக மாற்றும் ஆற்றல் எக்கருவிக்கும் இல்லை. பெயர் மாறி ஒட்டிய சீட்டையும் அது திருத்தாது. கருவி புதிதாகும்தோறும் நுட்பநர் மீண்டும் மாணவராதல் வேண்டும்.

ஆயினும் இத்திட்டத்தில் உழைப்போர் பலர் ஒப்பந்த ஊழியர்களே. கண் பழகித் தேர்ந்தவர் வேறு வேலை தேடிச் சென்றால், அவரோடு அப்பயிற்சியும் வெளியேறுகிறது. நிலையான பணியும் மேற்படிப்புக்கு வாய்ப்பும் தொடர் பயிற்சியின் இரு கால்கள் எனலாம்.

மருத்துவம், பொறியியல் எனும் இரு வாயில்களையே நம் மாணவர்க்குக் காட்டி வருகிறோம். உதவித்தொகை வழங்கும் சமுதாயப் பெரியோர் ஆய்வக நுட்பப் படிப்பையும் கருத்திற் கொள்ளவேண்டும். மருத்துவரின் எழுதுகோல், நுட்பநரின் கண் கண்டதையே எழுதுகிறது. அக்கண்ணைப் பழக்குவதும் அறமே.