வேப்: வோல்ட்டைக் கூட்டினால் புகை மட்டுமா கூடும்? காயில் கணக்கு சொல்லும் உண்மை

பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சர்க்கரை ஆலைதான். கரும்புச் சாறைச் சர்க்கரையாக்கும் வேலையில் பெரிய தலைவலி, சூடு. குறைந்தால் சாறு சுண்டாது. கூடினால் பாகு கருகி நிறம் மாறிவிடும். அதனால்தான் சர்க்கரை ஆலைகளில் பாகைத் திறந்த கொப்பரையில் கொதிக்க விடுவதில்லை. ‘வேக்குவம் பான்’ என்ற மூடிய கலத்தில் காற்றழுத்தத்தைக் குறைத்து, சுமார் 70 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்க வைக்கிறார்கள். வெப்பமானி, அழுத்தமானி, பக்கத்திலேயே ஆபரேட்டர் என்று அத்தனை காவல்.

இப்போது இன்னொரு காட்சி. இனிப்பான ஒரு திரவம், அதைச் சூடாக்க நகத்தின் அளவே உள்ள கம்பிச்சுருள், பக்கத்தில் ஒரு லித்தியம் பேட்டரி. எல்லாம் சட்டைப் பாக்கெட்டில் அடங்கும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ‘+’, ‘-’ என்று இரண்டே பட்டன். ஆபரேட்டர், அதைப் பிடிப்பவர்தான். இதுதான் வோல்டேஜை மாற்றக்கூடிய இ-சிகரெட், அதாவது வேப்.

‘3.7ல வை’, ‘4.5 வச்சாதான் கிக்கு’ என்று நண்பர்கள் சொல்லும் எண்களுக்கு உண்மையில் என்ன அர்த்தம்? காயிலும் வோல்ட்டும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? பொருந்திவிட்டால் மட்டும் பாதுகாப்பா?

உள்ளே என்ன நடக்கிறது?

அயர்ன் பாக்ஸ் எப்படிச் சூடாகிறதோ, அதே கதைதான். மின்சாரம் ஓட எதிர்ப்புக் காட்டும் கம்பி சூடாகிறது. வேப்பில் இந்தக் கம்பி பெரும்பாலும் காந்தல் (இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம்), நிக்ரோம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கம்பிச்சுருளுக்கு நடுவே பஞ்சுத் திரி. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, இது திரவத்தை இழுத்துக் கம்பிக்குக் கொடுக்கும்.

திரவத்தில் இருப்பவை புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நறுமணப் பொருள்கள், பெரும்பாலும் நிக்கோட்டின். புரோப்பிலீன் கிளைக்கால் கொதிப்பது சுமார் 188 டிகிரியில், கிளிசரின் கொதிப்பது சுமார் 290 டிகிரியில். அதாவது, ஆவி வர வேண்டுமென்றால் காயில் இந்த அளவுக்குச் சூடாகியே ஆக வேண்டும். அதைத் தாண்டினால் திரவம் ஆவியாவதோடு நிற்காது, சிதையவும் தொடங்கும்.

பத்தாம் வகுப்புப் பாடம், ஒரு நிமிடத்தில்

பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே அப்படியே வேலைக்கு வருகிறது. வோல்ட்டை ஓமால் வகுத்தால் கரண்ட், அதாவது ஆம்ப். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட். காயிலில் எவ்வளவு சூடு இறங்குகிறது என்பதைச் சொல்வது இந்த வாட்தான்.

4 வோல்ட்டில் வெவ்வேறு காயில்களைப் போட்டால்:

• 2 ஓம் காயில்: 2 ஆம்ப், 8 வாட்
• 1 ஓம் காயில்: 4 ஆம்ப், 16 வாட்
• 0.5 ஓம் காயில்: 8 ஆம்ப், 32 வாட்
• 0.2 ஓம் காயில்: 20 ஆம்ப், 80 வாட்

திரையில் தெரியும் எண் எல்லாவற்றிலும் ‘4.0’தான். ஆனால், சூடு பத்து மடங்கு வித்தியாசம்! ஓம் குறைந்தால் சூடும் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. நண்பர் தன் கருவியில் வைத்திருக்கும் வோல்ட்டை அப்படியே காப்பி அடிப்பதில் உள்ள பிரச்சினை இதுதான்.

இன்னொரு கணக்கு. 2 ஓம் காயிலில் 3.3 வோல்ட் வைத்தால் சுமார் 5.4 வாட். அதையே 5 வோல்ட் ஆக்கினால் 12.5 வாட். வோல்ட் ஒன்றரை மடங்குதான் கூடியது, சூடு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

பொருந்தாவிட்டால் என்ன ஆகும்?

வாட் குறைவாக இருந்தால் திரவம் சரியாக ஆவியாகாது. காயிலில் தேங்கி, ‘களகள’வென்று சத்தம் வரும். சில நேரம் துளித் துளியாக வாய்க்குள்ளேயே வந்துவிடும்.

வாட் கூடினால்தான் விஷயம் சீரியஸ். திரி திரவத்தை இழுத்துக் கொடுக்கும் வேகத்தைவிட, கம்பி அதை ஆவியாக்கும் வேகம் கூடிவிடும். திரி காய்ந்து பஞ்சு கருகும். தொண்டையைப் பிடிக்கும் அந்தக் கசப்பு இழுப்புக்கு ‘டிரை ஹிட்’ என்று பெயர். அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை மறந்துவிட்டால் கண் எரியும் நெடி வருமே, அதில் இருப்பது அக்ரோலின். அதிகச் சூட்டில் கிளிசரின் சிதையும்போதும் அதே அக்ரோலின் வருகிறது. கூடவே ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு. இதில் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திய பொருள்.

2015 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வோல்டேஜ் மாற்றும் கருவி ஒன்றை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடை வெளியிடும் சேர்மங்கள் தென்படவில்லை. 5 வோல்ட்டில் தென்பட்டன. ‘அவ்வளவு கருகல் சுவையை யாரும் இழுக்க மாட்டார்கள், இது நடைமுறைக்கு ஒவ்வாத சோதனை’ என்று எதிர்ப்பும் வந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் வாட் கூடக் கூட இந்த ஆல்டிஹைடுகள் ஏறுகின்றன என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டின. எந்த எண்ணில் ஏறத் தொடங்கும் என்பது மட்டும் கருவிக்குக் கருவி மாறுகிறது. ‘இத்தனை வோல்ட் வரை ஓகே’ என்று பொதுவாக ஒரு எண்ணைச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

பேட்டரிக்கும் ஒரு எல்லை உண்டு

மேலே உள்ள பட்டியலில் ஆம்ப் எண்களை இன்னொரு தடவை பாருங்கள். லித்தியம் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் தொடர்ந்து இத்தனை ஆம்ப்தான் கொடுக்க முடியும் என்று வரம்பு உண்டு. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட். அதில் 0.2 ஓம் காயிலைப் போட்டால் 21 ஆம்ப் இழுக்கும். 20 ஆம்ப் வரம்புள்ள செல்லுக்கே அது தாங்காது. செல் சூடாகி, வாயு வெளியேறி, தீப்பிடிக்கலாம். கட்டுப்பாட்டு சர்க்யூட்டே இல்லாத ‘மெக்கானிக்கல் மாட்’ வகையில் தடுக்கவும் ஆள் இல்லை. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் வேப் வெடித்து ஒருவர் உயிரிழந்தார்.

ஸ்மார்ட் கருவி இருந்தால் பிரச்சினை இல்லையா?

புதிய கருவிகள் காயிலின் ஓமைத் தானாக அளந்து, கேட்ட வாட்டுக்கு ஏற்ப வோல்ட்டை மாற்றுகின்றன. சூடானால் எதிர்ப்பு கூடும் கம்பியைப் பயன்படுத்தி, வெப்பநிலையைக் கணித்து நிறுத்தும் வகையும் உண்டு. இவை கருகுவதைக் குறைக்கும். அவ்வளவுதான். நிக்கோட்டின் அடிமைத்தனத்தைக் குறைக்காது. திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்றும் கண்டுபிடிக்காது.

2018-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பால்டிமோர் பகுதியில் வேப் பயன்படுத்துவோரிடமிருந்து 56 கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். கணிசமான கருவிகளின் ஆவியில் ஈயம், குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்கள் இருந்தன. சூடான கம்பியைத் தொட்ட பிறகே திரவத்தில் இவை கூடின. 2019-ல் அமெரிக்காவை உலுக்கிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது, கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்த வைட்டமின் இ அசிடேட். ஓம் கணக்கு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் இதைத் தடுத்திருக்காது.

நம்ம ஊரில் சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு 2018 செப்டம்பரிலேயே இ-சிகரெட்டுக்குத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடு முழுவதற்குமான சட்டமானது.

• தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம்: முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
• மீண்டும் செய்தால்: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.
• சரக்கைப் பதுக்கி வைக்க இடம் கொடுத்தால்: 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆன்லைன் விற்பனையும் இதில் அடக்கம். துபாயிலிருந்து வரும் நண்பரிடம் ‘ரெண்டு பீஸ் எடுத்துட்டு வாடா’ என்பதும் சாதாரண விஷயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் கொண்டுவந்தாலே அது இறக்குமதி.

இங்கேதான் காயில் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. சட்டப்படி விற்பனையே இல்லாத பொருளுக்குத் தரச் சோதனையும் இல்லை, புகார் கொடுக்கக் கடையும் இல்லை. ‘0.8 ஓம், 12-16 வாட்’ என்று காயிலில் அச்சடித்திருப்பது உண்மையா, ‘20 ஆம்ப்’ என்று ஒட்டியிருக்கும் செல் அதைத் தாங்குமா என்பதை வாங்குபவர் சரிபார்க்க வழியே இல்லை. ஓம் விதி தப்பாது. ஆனால், நாம் அதில் போடும் எண்ணே பொய்யாக இருந்தால் விடையும் பொய்தான்.

விட நினைப்பவர்களுக்கு

மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. சரியான வோல்ட் எது என்று தேடும் நேரத்தில் இந்த எண்ணுக்கு ஒரு கால் போட்டுப் பார்க்கலாம்.