வாவிக்கரையின் சீன உறைப்பு

மட்டக்களப்புக்கு வரும் பயணி இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் உணவகத்தில், மெனு அட்டையின் பாதியைச் சீன உணவே பிடித்திருப்பது வழக்கம்: பிரைட் ரைஸ், சொப்சி, நூடுல்ஸ், றால் டெவில், ஹொட் பட்டர் கணவாய். இதைக் கண்டதும் இருவர் முகம் சுளிப்பார்கள். வெளிநாடுகளில் சீனச் சமையலைச் சுவைத்தவர் இது சீனச் சாப்பாடே இல்லை என்பார். ஊர்ச்சுவை தேடி வந்தவர், மட்டக்களப்பில் சைனீஸ் எதற்கு என்பார். சீன உணவு எங்கோ ஓரிடத்தில் ஒருமுறை உருவாகி முடிந்துவிட்டது என்றே இருவரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. சிச்சுவானுக்கு ஓர் உறைப்பான சீனச் சமையல் இருப்பதுபோல் இலங்கைக்கும் ஒன்று உண்டு. வாவிக்கரையில் அதைத் தனி வட்டாரச் சமையலாக மதித்து உண்ணவேண்டும். அதே கண்டிப்புடன் எடைபோடவும் வேண்டும்.

முதல் ஆட்சேபத்துக்குச் சிச்சுவானே பதில் சொல்லும். உறைப்பு என்றதும் உலகம் இன்று நினைக்கும் சீன மாகாணம் அது. ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கடல்வழியாக ஆசியாவுக்கு வந்து சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டில். சீனாவில் காவோ லியன் 1591இல் அதைக் குறிப்பிடும்போது, அழகுக்காக வளர்க்கும் செடிகளில் ஒன்றாகவே குறிப்பிடுகிறார். சிச்சுவான் அடுப்படிகளில் அது பரவலாகப் புழங்கியது அதற்கு நெடுநாள் பின்னர். அங்கே தொன்றுதொட்டு இருந்தது நாக்கை விறைக்கச் செய்யும் சிச்சுவான் மிளகு. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி ஒன்றின் காய்த்தோல் அது. புதிதாக வந்த மிளகாயை அந்த விறைப்புடன் சேர்த்தார்கள். அவரை வகை ஒன்றுடன் உப்பிட்டுப் புளிக்கவைத்து விழுதாக்கினார்கள். செங்டு நகரின் புகழ்பெற்ற மாபோ தோஃபு 19ஆம் நூற்றாண்டில் பிறந்த உணவு. நாம் பழைமையானது என்று போற்றும் சிச்சுவான் உறைப்பே, வெளியிலிருந்து வந்த ஒரு பொருளை ஓர் ஊர் தன் நாக்குக்கு ஏற்ப வசப்படுத்தியதன் விளைவு. 1505இல் போர்த்துக்கேயர் கால்வைத்த இலங்கையிலும் நடந்தது இதுவே. அதுவரை நம் கறிக்கு உறைப்பைக் கொடுத்தது மிளகு. பிறகு செத்தல் மிளகாய் அந்த இடத்தைப் பிடித்தது.

இலங்கையில் குடியேறிய சீனர்களில் பலர் ஷான்டொங், ஹூபேய் மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். துணி விற்றும் பல் வைத்தியம் செய்தும் பிழைத்த சிறு சமூகம் அது. கொழும்பில் தொடங்கிய சீன உணவகங்களின் கைமுறை, காலப்போக்கில் நாடெங்கும் உள்ளூர்ச் சமையற்காரர் கைக்கு வந்தது. டெவில் என்ற உணவைப் பாருங்கள். மசாலா தூக்கலாகச் சமைத்ததற்கு அப்பெயரிட்ட ஆங்கிலேயர் வழக்கம், பெருந்தீயில் தாச்சியைக் காயவைத்துக் கிளறி இறக்கும் சீன முறை, பெரிதாக வெட்டிய வெங்காயம், கறிமிளகாய், தக்காளி, இடித்த செத்தல் மிளகாய் என்ற நம் சேர்மானம் மூன்றும் அதில் ஒன்றாகின்றன. சீனாவில் முதலிடம் பெறும் பன்றியிறைச்சி, முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியும் ஏறாவூரும் இருக்கும் இந்தக் கரையில் கோழிக்கும் மாட்டிறைச்சிக்கும் வழிவிட்டது. வெள்ளிக்கிழமை மரக்கறி உண்பவருக்கு மரக்கறிச் சொப்சி இருக்கிறது. மும்பையில் 1970களில் நெல்சன் வாங் உருவாக்கிய சிக்கன் மஞ்சூரியன் இந்தியச் சீன உணவு என்று பெயர்பெற்றிருக்கும்போது, டெவிலை மட்டும் போலி என்று ஒதுக்குவதில் நியாயம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட வலுவானது. சோறும் கறியும், நண்டுக் குழம்பும், பிட்டும் இருக்கும் ஊரில் பயணி அவற்றைத்தான் முதலில் தேடவேண்டும். மறுப்பே இல்லை. ஆனால் ஊரவர் மாலையில் பிள்ளைகளோடு வெளியே போய் விரும்பிச் சாப்பிடுவதும் ஊர்ச்சுவைதான். அதைவிட முக்கியமானது தாச்சியில் விழும் பொருள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவி, பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கடலில் பொரிக்கும் றால் குஞ்சுகள் அந்த முகத்துவாரங்கள் வழியே உள்ளே வந்து உவர்நீரில் வளர்கின்றன. சேற்று நண்டும் அந்நீரில்தான் கொழுக்கிறது. இவற்றின் தசை நெடுநேரம் வெந்தால் இறுகிப்போகும். பெருந்தீயில் சில நிமிடங்களில் முடியும் சீனக் கைமுறை அதற்கு மிகப் பொருத்தம். குழம்பில் றாலின் சாறு தேங்காய்ப்பாலுக்குள் போய்விடும். தாச்சியில் அது றாலுக்குள்ளேயே நிற்கும்.

உறைப்பும் சோஸும் பழுதான மீனை மறைத்துவிடும் என்ற கவலை மெய்யானது. ஆகவே கேட்டுத்தான் வாங்கவேண்டும்: றால் வாவியினதா, குளிரூட்டியில் கிடந்ததா, இன்று வந்ததா? நல்ல டெவிலில் றால் கடிக்கும்போது துள்ளும், வெங்காயம் நொறுங்கும், சோஸ் தட்டில் குளமாகத் தேங்காது. இனிப்பான தக்காளி சோஸ் மட்டும் நாக்கில் நின்றால் அது கைத்திறன் இல்லாத சமையல். அஜினமோட்டோ பற்றிய பயத்துக்கு அவ்வளவு அடிப்படை இல்லை: 1908இல் யப்பானில் கிக்குனாயே இகேடா கண்டறிந்த அந்த உப்பு, வழக்கமான அளவில் பாதுகாப்பானது என்பதே உணவுப் பாதுகாப்பு அமைப்புகளின் முடிவு. கவனிக்கவேண்டியது சோயா சோஸிலுள்ள உப்பும் பொரித்த எண்ணெயும்தான். உறைப்பு எல்லை மீறினால் தண்ணீர் உதவாது. மிளகாயின் கப்சைசின் நீரில் கரையாதது. பால் புரதம் அதைப் பற்றி அகற்றும். பேர்பெற்ற மட்டக்களப்பு எருமைத் தயிர் ஒரு சட்டி அருகில் கிடைக்கும்போது சோடா கேட்பது வீண்.

உணவகக்காரருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிச்சுவான் சமையல் உலகப் பெயர் பெற்றது, தன் மிளகையும் விழுதையும் தன்னுடையவை என்று உரக்கச் சொன்னதால். நமது மெனு அட்டைகள் றாலையும் நண்டையும் ஊர் பெயர் இல்லாமல் அச்சிடுகின்றன. வாவி நண்டு டெவில், வாவி றால் பிரைட் ரைஸ் என்று எழுதி, அந்தப் பெயருக்கு உண்மையாகச் சமைத்தால், சாப்பிட வருபவர் அடுத்த முறை அதற்காகவே வருவார். பிடித்துக் கொடுக்கும் மீனவருக்கும் விலையில் அதன் பங்கு சேரும்.