பள்ளத்தைவிடச் சரிவில் குளிர் குறைவு, தெரியுமா?

கோலார் தங்கவயலில் நாம் நிற்கும் மண்ணுக்கு 3 கிலோமீட்டர் கீழே பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசைத் தாண்டும், தெரியுமா? சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நம் ஆட்கள் அந்த அனலுக்குள் இறங்கித்தான் தங்கம் எடுத்தார்கள். ஆனால் மேலே, அதே ஊரில், மார்கழி ராத்திரி பல் கிடுகிடுக்கிறது! கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரம். வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று கொண்டாடிய குளிர் அது. கீழே இருக்கும் அத்தனை சூடும் டென்ட் போட்டுப் படுப்பவருக்குத் துளியும் உதவாது. எந்த இடத்தில் படுக்கிறோம் என்பதுதான் காப்பாற்றும்.

குளிர்காற்று கனமானது. பொழுது சாய்ந்ததும் சரிவில் இறங்கி, தண்ணீர் தேங்குவது போலப் பள்ளத்தில் தேங்கிவிடும். ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவின் தாழ்ந்த புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படர்வது இதனால்தான். ஆஸ்திரியாவில் ஒரு மலைப்பள்ளத்தில் 1932-இல் மைனஸ் 52.6 டிகிரி பதிவாகியிருக்கிறது! ஆகவே ஏரிக்கரையின் பச்சைப் புல்லைப் பார்த்து மயங்காதீர்கள். சரிவில் கொஞ்சம் ஏறினாலே சில டிகிரி கூடும். உச்சிக்கும் போகவேண்டாம், அங்கே காற்று பிய்த்துவிடும்.

கோலார் நகரை ஒட்டிய அந்தரகங்கை மலையில் கதகதப்பான இடங்களைக் கண்ணால் பார்க்கலாம். ஆனையளவு உருண்டைப் பாறைகள், இடுக்குகள், குகைகள். நாள் முழுக்க வெயில் குடித்த பாறை, இருட்டிய பிறகும் பல மணி நேரம் வெதுவெதுப்பைக் கக்கும். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும்! ஆனால் பாறையடியில் இடம் பிடிக்குமுன் அண்ணாந்து பார்க்கவேண்டும். பாறையில் கறுப்புக் கோடுகள் இறங்கியிருந்தால் அது மழைநீர் வழியும் தடம். மலைத்தேனீக் கூடு தொங்கினால் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுங்கள். ஓடையோரச் செடிகளில் இடுப்பளவு உயரத்தில் காய்ந்த சருகும் குச்சியும் சிக்கியிருந்தால் வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. ஓடை எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் அங்கே படுக்கக் கூடாது.

இரவுப் பனி வானத்திலிருந்து விழுவதில்லை, தெரியுமா? வானம் பார்த்துக் கிடக்கும் புல்லும் துணியும் தங்கள் சூட்டை மேலே இழந்து சில்லிடும்போது, பக்கத்துக் காற்றின் ஈரமே அவற்றின் மேல் துளியாகிறது. மரக்கிளை மேலே மறைத்தால் பனி குறையும். பட்டுப்போன கிளை மட்டும் கூடாது. டென்டின் உள்பக்கம் நனைவதற்குக் காரணம் நம் மூச்சுதான்! குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் விடியும்போது போர்வை ஈரமாகியிருக்கும்.

மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், சூரியனோ தென்கிழக்கில் உதிக்கும். வடகிழக்கே பாறை மறைப்பும் தென்கிழக்கே திறந்த வெளியும் அமைந்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கீழே கனமான விரிப்பு கட்டாயம். மேலே இரண்டு கம்பளி போர்த்தினாலும் தரை சூட்டை உறிஞ்சிவிடும்.

தங்கவயலில் சுரங்கக் கழிவுத் தூள் குவிந்த சயனைடு மேடுகள் சினிமாவில் அழகாகத் தெரியும். காற்றடித்தால் அந்தத் தூள் மூக்குக்குள் போகும். அங்கேயும் பழைய சுரங்க வாய்களின் பக்கமும் தயவுசெய்து டென்ட் போடாதீர்கள். அந்தரகங்கைக்கு வனத்துறை அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே போய் இடத்தைப் பாருங்கள்.